புழு அறையில் ஒரு தீக்குச்சி

தேன்பெட்டியில் புழு அறையின் மூடி குழிந்து, கறுத்து, ஓட்டை விழுந்திருந்தால், தீக்குச்சியின் பின்முனையை உள்ளே விட்டுக் கலக்கி மெதுவாக வெளியே இழுங்கள். காப்பி நிறச் சளி 2 சென்டிமீட்டருக்கு மேல் நூலாக நீண்டால், பெரும்பாலும் அமெரிக்கன் ஃபவுல்புரூட் என்ற பாக்டீரியா நோய்தான். இந்தப் பாக்டீரியா செத்த புழுவைப் பசையாகக் கரைத்துவிடும். அதனால்தான் நூல் வருகிறது. குச்சியை அங்கேயே எரித்துவிடுங்கள். அந்தப் பெட்டியின் சட்டத்தையோ தேனையோ வேறு பெட்டிக்குக் கொண்டுபோகவே வேண்டாம். இந்தப் பாக்டீரியாவின் வித்துகள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆன்டிபயாட்டிக் கலந்த சர்க்கரைப்பாகு வித்துகளைக் கொல்லாது, நோயை மறைத்துவிடும், மிச்சம் தேனிலும் தங்கும். ஆய்வகத்தில் உறுதியானால் அடைகளை எரித்துப் புதைப்பதே நல்லது.

புழு காய்ந்து கறுத்த செதிலாகிவிட்டால் நூல் வராது. செதில் அறையின் அடிச்சுவரில் பெயராமல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பினாங்கு பாலிக் பூலாவ் பக்கத்துப் பழத்தோட்டங்களில் நம் நாட்டுத் தேனீ வளர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: புழு தண்ணீர்ப் பைபோல முழுசாகக் கழன்று வந்தால் அது சேக்புரூட் வைரஸ், மருந்து கிடையாது. கெலுலுட் எனும் கொட்டாத தேனீயின் கூட்டுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.