எடை குறைந்தும் ஓட்ட நேரம் குறையவில்லை

என் உயரம் 182 செ.மீ. எடையை 84 கிலோவிலிருந்து 77க்குக் கொண்டுவந்திருந்தேன். ஒரு கிலோ எடையை ஒரு கி.மீ. சுமக்கச் சுமார் 1 கலோரி செலவாகும் என்பது ஓட்டக்காரர் கணக்கு. ஆக, வேகம் கூடியிருக்க வேண்டும். ஆனால் மே மாதச் சென்னையில் 7 கி.மீ. தாண்டியதும் கால் கல்லாகிவிடும்.

ஷூ மாற்றினேன். இரும்புச்சத்து பரிசோதனை செய்தேன், சரியாகவே இருந்தது. இன்னும் 2 கிலோ குறைத்தேன், மோசமானது.

ஒருநாள் ஓடி முடித்து, பனியனைக் கழற்றிவிட்டு எடை பார்த்தேன். 1.6 கிலோ குறைவு! (பனியனோடு நின்றால் சரியாகத் தெரியாது, வியர்வையில் ஒரு பகுதி துணியில் இருக்கும்.) கூட ஓடும் 56 கிலோ நண்பருக்கு 0.8தான். அவர் குடிக்கும் அளவு தண்ணீரையே நானும் குடித்துவந்தேன். பெரிய உடல் அதிகச் சூட்டை உண்டாக்கும்; தோலின் பரப்போ அதே விகிதத்தில் கூடுவதில்லை.

அப்புறம் விடியுமுன் 4:45க்கே கிளம்பினேன். 20 நிமிடத்துக்கு ஒருமுறை உப்பு கலந்த தண்ணீர் 200 மி.லி., முதல் 3 கி.மீ. வேண்டுமென்றே மெதுவாக. மூன்றாவது வாரம் 10 கி.மீ. 66 நிமிடத்திலிருந்து 59க்கு வந்தது. குறைத்த அந்த 2 கிலோவும் திரும்பிவிட்டது, போகட்டும்.