சப்பாத்திக் கையை ஓரமாக வையுங்கள்: ஈஸ்ட் இல்லாத கோதுமை பிரெட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோதுமை மாவைத் தொட்டாலே நம் வீடுகளில் கை தானாகச் சப்பாத்திக்குப் பிசைய ஆரம்பித்துவிடும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் ஊற வைப்போம். ஈஸ்ட் போடாத கோதுமை பிரெட்டுக்கு இதில் ஒன்றுகூட ஆகாது. சேலத்தில் என் அடுப்படியில் முதல் நான்கு தடவையும் பிரெட் செங்கல் மாதிரி வந்ததற்குக் காரணம் ஓவனும் இல்லை, மாவும் இல்லை, இந்தப் பழக்கம்தான்.

ஈஸ்ட் போட்ட மாவு மணிக்கணக்கில் மெதுவாகப் பொங்கும், அந்தக் காற்றைப் பிடித்து வைக்க இழுத்தால் நீளுகிற பசைத்தன்மை வேண்டும், அதற்காகத்தான் பிசைகிறார்கள். இந்த பிரெட்டில் ஈஸ்டுக்குப் பதிலாகப் போடுகிற சமையல் சோடா, அதாவது ஆப்ப சோடா, அப்படி இல்லை. மோரின் புளிப்பு பட்ட உடனே கார்பன் டை ஆக்சைடு கிளம்பிவிடும், நீங்கள் பிசைந்துகொண்டிருக்கும் நேரத்தில் பாதி வெளியே போய்விடும், மிச்சமிருப்பதையும் இறுகிப்போன மாவு மேலே எழ விடாது. அயர்லாந்தில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து வீடுகளில் சுடுகிற சோடா பிரெட்டும் இதே கணக்குதான். அங்கே விளைகிற கோதுமையில் பசை குறைவு, வெண்ணெய் கடைந்த மோர் வீட்டிலேயே இருந்தது, சமையல் சோடா கடைக்கு வந்ததும் பிரெட் சுலபமாகிவிட்டது. அதனால் மோரை ஊற்றியதும் விரல்களை விரித்துக்கொண்டு அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம் கலக்குங்கள். உலர்ந்த மாவு கண்ணில் படாமல் போனால் போதும். மேல்பக்கம் மேடு பள்ளமாக இருந்தால் இருக்கட்டும், சுட்டால் அந்த மேடுகள்தான் மொறுமொறுவென்று வரும்.

அடுத்தது ஈரம். 400 கிராம் மாவில் சப்பாத்தி பிசைய ஏறக்குறைய 250 மில்லி தண்ணீர் போதும். பிரெட்டுக்கு அதே மாவு 360 முதல் 400 மில்லி வரை கெட்டி மோரைக் குடிக்கும். வெளிநாட்டுக் குறிப்பில் இதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதை அப்படியே பின்பற்றாதீர்கள், நம் மில்லில் கல்லில் அரைபடுகிற மாவு அதிக ஈரம் இழுக்கும், தவிடு வேறு கலந்த பிறகும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மாவு கையில் ஒட்டுகிறதே என்று மேலே மேலே உலர் மாவைத் தூவுகிறவர்களுக்கு உள்ளே வறண்டு உதிர்கிற பிரெட்தான் கிடைக்கும். ஒட்டத்தான் வேண்டும். கையை நனைத்துக்கொண்டு உருட்டினால் சமாளிக்கலாம்.

மோர் விஷயத்தில் நம் ஊருக்கும் மலைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. சேலத்துச் சித்திரை வெயிலில் காலையில் வெளியே வைத்த தயிர் மத்தியானத்துக்குள் நன்றாகப் புளித்துவிடும். ஏற்காட்டில் என் சின்னம்மா வீட்டில் மார்கழியில் உறை ஊற்றினால் மறுநாள் காலையிலும் தித்திப்பாகவே இருக்கும், அந்தத் தயிரை நம்பிச் சுட்டபோது பிரெட் எழும்பவே இல்லை, வாயில் சோப்பு வாடை வேறு. புளிப்பு போதாவிட்டால் சோடா முழுவதும் வேலை செய்யாமல் மிஞ்சிவிடுகிறது, அந்த மிச்சம்தான் நாக்கில் அப்படி உறைக்கிறது. தயிர் புளிக்கவில்லை என்றால் ஒரு மேஜைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுக்கொள்ளுங்கள். குடிப்பதற்குத் தண்ணீராகக் கரைத்த நீர்மோரும் வேண்டாம், மூன்று பங்கு தயிருக்கு ஒரு பங்கு தண்ணீர் சரியாக இருக்கும்.

சோடாவைக் கண்ணளவில் போடாதீர்கள், இட்லி மாவுக்குப் போடுகிற 'ஒரு சிட்டிகை' கணக்கு இங்கே செல்லாது. 400 கிராம் மாவுக்குத் தலை தட்டிய 1 டீஸ்பூன் ஆப்ப சோடா, அதே அளவு உப்பு. இன்னும் நன்றாக உப்பட்டும் என்று கூடுதலாகப் போட்டால் பிரெட் பழுப்பேறிக் கசக்கும். பேக்கிங் பவுடரும் ஆப்ப சோடாவும் ஒன்று என்று நினைப்பதும் தவறு. பவுடரில் புளிப்புப் பொருளும் மாவுப்பொருளும் ஏற்கெனவே கலந்திருக்கும், ஒன்றுக்குப் பதில் மற்றதை அதே அளவில் மாற்றக் கூடாது. மாதக்கணக்கில் திறந்து கிடந்த டப்பா என்றால் கால் டீஸ்பூன் எடுத்து இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்து பாருங்கள், பொங்கி நுரைக்காவிட்டால் புதிது வாங்குங்கள். கட்டியை விரலால் நசுக்கி மாவோடு சேர்த்துச் சலிக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் அங்கங்கே மஞ்சள் புள்ளி தெரியும். சலித்ததும் சல்லடையில் தங்கிய தவிட்டைத் திரும்ப மாவிலேயே கொட்டிவிடுங்கள், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு முழுக்கோதுமை பிரெட் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. கேழ்வரகு மாவு சேர்க்க ஆசைப்பட்டால் கால் பங்குக்கு மேல் வேண்டாம், அதில் பசையே கிடையாது.

மாவைக் கலந்துவிட்டு அப்புறம் ஓவனைப் போடுகிறவர்கள் நிறையப் பேர். ஓவன் முதலில் 200 டிகிரியில் கால் மணி நேரம் காய்ந்திருக்க வேண்டும், மோர் ஊற்றியதிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் மாவு உள்ளே போய்விட வேண்டும். மேலே கத்தியால் ஆழமாகக் கூட்டல் குறி போல் கீறுங்கள், நடுப்பகுதி வேகாமல் நிற்பது அதனால்தான் குறைகிறது. 40 முதல் 45 நிமிடம். எடுத்துத் தலைகீழாகத் திருப்பி அடியில் தட்டினால் காலிப் பானையைத் தட்டுவது போல் 'டொக் டொக்' என்று கேட்க வேண்டும், மந்தமாகக் கேட்டால் இன்னும் ஐந்து நிமிடம் வையுங்கள். குக்கரில் சுடுகிறீர்கள் என்றால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் கல் உப்பைப் பரப்பி, பழைய குக்கரிலேயே செய்யுங்கள். மேல்பக்கம் சிவக்காது, அதற்காக அடியைக் கருக விட வேண்டாம்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு இன்னொன்று. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் அங்கே சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மாவுக்குள் இருக்கிற காற்று சேலத்தைவிட வேகமாக விரியும், மாவு வெந்து நிற்பதற்கு முன்பே பொங்கி அமுங்கிப்போகும். கீழே 1 டீஸ்பூன் சோடா போட்டால் மேலே முக்கால் டீஸ்பூன் போதும், மோர் மட்டும் இரண்டு மேஜைக்கரண்டி கூட. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவைத் தாண்டினால் அதே குறிப்பு அப்படியே வேலை செய்யாது என்பதைச் சின்னம்மா வீட்டில் இரண்டு பிரெட் அமுங்கிய பிறகுதான் புரிந்துகொண்டோம்.

வாசனை வந்ததும் அறுக்கத் தோன்றும். சூட்டில் அறுத்தால் உள்ளே களி மாதிரி இழுக்கும், கம்பித் தட்டில் ஒரு மணி நேரமாவது ஆறட்டும். தட்டையான தட்டில் ஆற வைத்தால் அடி வியர்த்து நமுத்துப்போகும். இந்த பிரெட் சுட்ட அன்றும் மறுநாளும்தான் ருசி, சேலத்துச் சூட்டில் மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கலாம். அதற்குப் பயந்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் இன்னும் சீக்கிரம் வறண்டுவிடும். ஆறியதும் துண்டு போட்டு ஃபிரீசரில் வைத்து, வேண்டும்போது இரண்டை எடுத்துத் தோசைக்கல்லில் நெய் விட்டு வாட்டிக்கொள்ளுங்கள், ஏற்காட்டுக் காப்பியோடு அது மிக நன்றாகச் சேரும்.