பக்கத்தில் உட்கார ஒரு ஆள்

ஆட்டிசமோ ஏடிஹெச்டியோ (கவனம் நிலைக்காமை, துறுதுறுப்பு) உள்ள இருவர், ஒன்பது மணி ஆபீஸ் ஒத்துவராமல் விட்டவர்கள், நட்பாகும்போது பேச்சு சீக்கிரம் கூடிவரும். 2020இல் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் ஒரு கதையைக் கைமாற்றியபோது, மற்றவர்கள் தங்களுக்குள் மாற்றிய அளவுக்கே அது சிதையாமல் சேர்ந்தது. இரு சாராரும் கலந்த வரிசையில்தான் அதிகம் உதிர்ந்தது. ஆகவே 'பழகத் தெரியாதவர்கள்' என்ற பழியை இறக்கி வையுங்கள். இந்த நட்புகள் பெரும்பாலும் உடைவது நேரத்தால், பணத்தால், பதில் வராத வாட்ஸ்அப்பால்.

நாளையும் இடத்தையும் ஒருமுறை முடிவு செய்து மாற்றாமல் விடுங்கள். ஒவ்வொரு தடவையும் எங்கே, எப்போது என்று பேசினால் அதிலேயே தெம்பு தீர்ந்துவிடும். பொள்ளாச்சி, பாலக்காட்டுக்காரர்களுக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தோது. கேரளத்தில் ஊருக்கு ஊர் வாயனசாலை, அதாவது படிப்பகம், உண்டு. மேசையும் அமைதியும் அங்கே கிடைக்கும். பல இடங்களில் மாலையில்தான் திறப்பார்கள், விசாரித்துப் போங்கள். 'வேலா' என்னும் கோயில் திருவிழா நாட்களில் செண்டையும் வெடியும் தாங்காது. நென்மாறை வேலா மலையாள மாதம் மீனம் 20. அந்தப் பக்கம் என்றால் அன்றைய சந்திப்பை முன்பே தள்ளிவையுங்கள்.

நூறு நிமிடம் போதும். இன்று என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல 10, அவரவர் வேலைக்கு 40, டீக்கு 10, மறுபடி 40. தையலாகட்டும், மாதக்கணக்கில் பிரிக்காத கவராகட்டும், பக்கத்தில் ஒரு ஆள் இருந்தாலே கை ஓடும். இதைப் பாடி டபுளிங் என்பார்கள். ஒருவர் மற்றவர் வேலையைத் திருத்த ஆரம்பித்தால் கெட்டது. கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

வர முடியாத நாளுக்கு ஒரு சொல் வையுங்கள். 'கரண்ட் இல்ல' என்றால் இன்று முடியவில்லை, உன்மேல் கோபமில்லை என்று அர்த்தம். காரணம் கேட்கவே கூடாது. கேட்டால் அடுத்த முறை பொய் தேட வேண்டிவரும், பிறகு மெசேஜே வராது. 'கூப்பிடு' என்றால் உடனே பேச வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் சரிந்துவிட்டால் தாங்க ஆள் இருக்காது, அதனால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416ஐப் போனில் பதிந்துவையுங்கள். எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

கைமாற்று, திரும்பி வராவிட்டாலும் தூக்கம் கெடாத தொகைக்குள் இருக்கட்டும். 300 ரூபாய் என்றால் 300தான். பஸ் செலவு பாதி பாதி.

சேர்ந்து தொழில் செய்யும் ஆசை மூன்றாவது சந்திப்பிலேயே வரும். ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். ஆர்வம் பொங்கும் வாரத்தில் கடன் வாங்கிப் பலகை மாட்டிவிட்டு, அது வடிந்த வாரத்தில் பில் போட ஆளில்லாமல் நின்ற நட்புகள் பல. கணக்குக்கு மூன்றாம் ஆள் கிடைத்த பிறகு, ஒரே ஒரு ஆர்டரில் தொடங்குங்கள்.

ஊனச் சான்றிதழுக்குப் போகும் நாளில் கூடப் போங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு, ஏடிஹெச்டி தனி வகையாக இல்லை. நீங்கள் டாக்டரிடம் பேச வேண்டியதில்லை. ஃபைலைப் பிடித்துக்கொண்டு, டோக்கன் நம்பர் கூப்பிடும்போது தோளைத் தட்டினால் போதும்.