சாதா கார் கம்பெனி சூப்பர்கார் விக்கப் போனா எங்கெங்க சொதப்பும்

2016-ல நிசான் இந்தியாவுல ரெண்டு கார் விட்டுச்சு. ஜூன்ல அவங்களோட மலிவு பிராண்டான டட்சன்ல ரெடி-கோ, ஆரம்ப விலை ரெண்டரை லட்சத்துக்கும் கீழ. டிசம்பர்ல ஜிடி-ஆர் சூப்பர்கார், 1.99 கோடி. ஒரே கம்பெனி, ஒரே வருஷம். என் ஃப்ரெண்டு ஒருத்தன் அப்பவே கேட்டான், "டேய், மைக்ரா மாதிரி சின்னக் காருக்கு ஆயில் மாத்துற எடத்துல போய் எவன்டா ரெண்டு கோடி குடுப்பான்?"னு. நானும் நல்லா சிரிச்சேன். ஆனா அதுக்கப்புறம் இந்த மாதிரி கார்களோட கதைய ஒண்ணொண்ணா படிச்சுப் பாத்தா, லோகோவால தோத்த கார் ரொம்பக் கம்மி, லேட்டா வந்தது, அப்படியே கண்டுக்காம விட்டது, யார் கிட்ட விக்கிறோம்னே தெரியாம வித்தது, இதுலதான் முக்காவாசிப் பேர் கவுந்திருக்காங்க.

அதனால "சாதா கம்பெனி இந்த வேலைல எறங்கலாமா"னு கேட்டா, என் பதில் எறங்கலாம், ஆனா கீழ இருக்குற தப்பையெல்லாம் பண்ணாம இருந்தா.

மொதல்ல நாம பண்ற தப்பு ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லிடுறேன். இந்த மாதிரி கார் வந்தவுடனே கால்குலேட்டர எடுத்துட்டு வந்து "ஒரு காருக்கு எவ்ளோ லாபம்"னு கணக்கு போடுறது. டொயோட்டாவோட சொகுசு பிராண்டு லெக்சஸ், அதுல வந்த எல்எஃப்ஏ சூப்பர்காரை எடுத்துக்கோங்க. மொத்தம் 500 கார், ஒண்ணு 3,75,000 டாலர். எல்லாத்தையும் அந்த விலைக்கு வித்தாக்கூட 19 கோடி டாலர் கிட்டதான் வரும். ஆனா அந்த காரை உருவாக்க டொயோட்டா எடுத்துக்கிட்டது சுமார் பத்து வருஷம், அதுலயும் நடுவுல "அலுமினியம் வேணாம், கார்பன் ஃபைபர்ல பண்ணலாம்"னு பாதி வேலைய தூக்கிப் போட்டுட்டு முதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க. எந்தக் கணக்குல போட்டாலும் இதுல லாபம் வராது, வரணும்னு அவங்களும் நினைச்சிருக்க மாட்டாங்க. அந்தக் காசுக்கு என்ன கத்துக்கிட்டாங்கன்னு கேக்குறதுதான் சரி. கார்பன் ஃபைபரை வட்டமா நெய்யிறதுக்கு அவங்களே ஒரு தறி செஞ்சாங்க. டொயோட்டா ஆரம்பிச்சதே தறி செய்யிற கம்பெனியாத்தான், கார் எல்லாம் அப்புறம் வந்தது. திருப்பூர், கரூர் பக்கம் இருக்குறவங்களுக்கு இது கேட்டா ஒரு சந்தோஷம் வரும்னு நினைக்கிறேன், எனக்கு வந்துச்சு.

ஆனா இதே கதையில அவங்க பண்ண தப்பும் இருக்கு. எல்எஃப்ஏ கான்செப்ட் 2005-ல டெட்ராய்ட்ல காமிச்சாங்க. விக்கிற காரா காமிச்சது 2009 அக்டோபர்ல, டோக்கியோ ஷோவுல. நடுவுல 2008 வந்துச்சு, அமெரிக்காவோட லேமன் பிரதர்ஸ் பேங்க் விழுந்துச்சு, உலகமே காசைப் பூட்டி வெச்சுக்கிட்ட நேரம். அந்த வி10 இன்ஜின் சத்தத்தை ட்யூன் பண்ண யமஹாவோட ஆளுங்க வந்தாங்க, ஐடில்ல இருந்து 9,000 ஆர்பிஎம் போக 0.6 செகண்டுதான், சாதா முள்ளு மீட்டரால அந்த வேகத்துக்குத் திரும்ப முடியாதுன்னு டிஜிட்டல் மீட்டர் வெச்சாங்க. இவ்ளோ அருமையான கார், 2012 டிசம்பர்ல தயாரிப்பு முடிஞ்சு, 2017-லயும் அமெரிக்காவுல டீலர்கள் கிட்ட விக்காத புது எல்எஃப்ஏ ஒரு டஜன் கிட்ட நின்னுட்டு இருந்துச்சு. இன்னிக்கு அதே கார் ஏலத்துல போட்ட விலைய விட ரெண்டு மடங்குக்கு மேல போகுது, அது வேற விஷயம், அந்தக் காசு லெக்சஸுக்கு வரல.

அதை விடப் பெரிய தப்பு அதுக்கப்புறம். எல்எஃப்ஏ பாத்து மயங்கிப் போய் ஷோரூம் உள்ள வந்தவனுக்குக் காட்ட என்ன இருந்துச்சு? பெரும்பாலும் ஈஎஸ் செடான், ஆர்எக்ஸ் எஸ்யூவி. நல்ல வண்டிங்கதான், ஆனா அவன் வந்தது அதுக்கில்ல. கால்வாசி விலையில ஆளை இழுக்குற மாதிரி ஒரு கூப் (ரெண்டு கதவு கார்), எல்சி 500, அது வந்ததே 2017-லதான், அதுல இன்ஜினும் வேற. வாசல்ல தோரணம் கட்டி பந்தல் போட்டுட்டு உள்ள சாப்பாடு போடாம அனுப்பின மாதிரி. மேல இருக்குற கார் கீழ இருக்குற காரை தானா வித்துக் குடுத்துடும்னு நம்புறாங்க பாருங்க, அது நடக்காது. நடுவுல படி வெச்சாதான் ஆள் ஏறுவான்.

இப்ப ஹோண்டா என்எஸ்எக்ஸ். இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை, ரொம்ப வலிக்கிற கதையும் இதுதான், ஏன்னா இந்த ஒரே பேர்ல சரியும் பண்ணாங்க தப்பும் பண்ணாங்க.

1990-ல முதல் என்எஸ்எக்ஸ் வந்தப்போ ஹோண்டாவுக்கு அந்தக் காரை விக்க முழு தகுதி இருந்துச்சு. 1988 ஃபார்முலா ஒன் சீசன்ல 16 ரேஸ்ல 15-ஐ மெக்லாரன்-ஹோண்டா ஜெயிச்சிருந்தது. அலுமினியம் பாடி, 3 லிட்டர் வி6, வி-டெக்ங்கற ஹோண்டாவோட வால்வ் டெக்னாலஜி, 270 ஹெச்பி. மெக்லாரன்-ஹோண்டா ரேஸ் டிரைவர் ஐர்டன் சென்னா சுசூகா ரேஸ் ட்ராக்ல ஓட்டிப் பாத்துட்டு சேஸிஸ் இன்னும் கெட்டியா இருக்கணும்னு சொல்ல, அதுக்காக மறுபடி வேலை பண்ணாங்க. அமெரிக்காவுல சுமார் 60,000 டாலர், ஃபெராரி 348-ஐ விட கணிசமா கம்மி. அப்ப ஃபெராரி வாங்கினா மெக்கானிக்கும் குடும்பத்துல ஒருத்தர் ஆயிடுவாரு, இதை தினமும் ஆபீஸுக்கு ஓட்டிட்டுப் போகலாம். மெக்லாரன் எஃப்1-ஐ உருவாக்கின கோர்டன் மர்ரே என்எஸ்எக்ஸ் ஒண்ணை வருஷக்கணக்கா வெச்சிருந்தாரு, தன்னோட காருக்கு அதையே அளவுகோலா எடுத்துக்கிட்டேன்னு அவரே சொல்லியிருக்காரு. இதுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும்?

கவனிங்க, இங்க ஹோண்டா லோகோ இடைஞ்சலாவே இல்ல. "ஹோண்டா, அதனால ரிப்பேர் ஆகாது"ங்கறதுதான் அந்தக் காரோட பலமே. சாதா கம்பெனி சூப்பர்கார் பண்ணும்போது தன்னோட சாதாத்தனத்தை மறைக்கப் பாக்குறது ஒரு தப்பு, ஃபெராரி மாதிரி நடிச்சா ஃபெராரி வாங்குறவன் ஃபெராரியையே வாங்கிட்டுப் போயிடுவான்.

அப்புறம்தான் சொதப்பல். ஜெயிச்சாச்சுன்னு ஹோண்டா சும்மா உக்காந்துடுச்சு. ஃபெராரி 1994-ல எஃப்355 கொண்டு வந்து முழிச்சுக்கிச்சு, போர்ஷே வருஷா வருஷம் 911-ஐத் தீட்டிட்டே இருந்துச்சு. என்எஸ்எக்ஸ்ல 1997-ல 3.2 லிட்டர் இன்ஜின், 290 ஹெச்பி, 2002-ல முன்னாடி லைட்டை மாத்தினாங்க, பெரிய மாத்தம்னா அவ்ளோதான். விலை மட்டும் அமெரிக்காவுல 90,000 டாலர் கிட்ட ஏறிப் போச்சு. கடைசி வருஷங்கள்ல அங்க வருஷத்துக்கு சுமார் 200 கார்தான் போச்சு. 2005-ல மூடிட்டாங்க. பதினஞ்சு வருஷத்துல 18,000 கார் சொச்சம், அதுல பெரும்பகுதி ஆரம்ப வருஷங்கள்ல போனது.

ரெண்டாவது என்எஸ்எக்ஸ் இன்னும் கொடுமை. 2012 ஜனவரில கான்செப்ட் காமிச்சாங்க, எல்லாரும் வாய பொளந்தோம். அப்புறம் இன்ஜினை குறுக்கால வைக்கிற திட்டத்தை விட்டுட்டு நேரா வெச்சு ட்வின் டர்போ ஆக்கினாங்க, கூட மூணு மோட்டார், மொத்தம் 573 ஹெச்பி. ஓஹியோவுல இதுக்குன்னே தனி ஃபேக்டரி. கஸ்டமர் கைக்கு வந்தது 2016-ல. நாலு வருஷம் காமிச்சுக் காமிச்சு ஆசை காட்டினா ஆசையே பழசாயிடும். விலை 1,56,000 டாலர்ல ஆரம்பம், அந்தக் காசுக்கு போர்ஷே 911 டர்போ வருது, அதுல பாதிக்கு கார்வெட் ஸீ06 வருது. கொஞ்ச நாள்லயே தள்ளுபடி குடுக்குற நிலைமைக்கு வந்துட்டாங்க, 2022-ல முடிச்சப்போ உலகம் பூரா சேத்து 3,000-ஐக்கூட தொடல.

கார் மோசமா? இல்லவே இல்ல. ஆனா முதல் என்எஸ்எக்ஸ் "ஃபெராரி குடுக்குறதை கம்மி விலையில, தொல்லை இல்லாம" குடுத்துச்சு, ரெண்டாவது எதைக் குடுக்குதுன்னு ஒரே வரில சொல்ல டீலருக்கே தெரியல. அந்த டீலர் யாரு? அமெரிக்காவுல இது ஹோண்டாவோட சொகுசு பிராண்டான அக்யூரா பேட்ஜ்ல போச்சு, அங்க தினமும் ரெண்டு குழந்தை வெச்சிருக்குற குடும்பத்துக்கு எஸ்யூவி விக்கிற ஆளு. அவர் மேல தப்பே இல்ல. வேட்டி கடையில போய் கோட்டு சூட்டுக்கு அளவு எடுக்கச் சொன்னா அவர் என்ன பண்ணுவாரு.

டீலர் விஷயத்துல அமெரிக்க கம்பெனி டாட்ஜோட வைப்பர் ஸ்போர்ட்ஸ் கார் இன்னொரு பாடம். 2013 மாடலா புது வைப்பர் கொண்டு வந்தாங்க, ஒரு லட்சம் டாலர் ரேஞ்ச்ல. அதோட நிக்காம "டாட்ஜ்" பேரை எடுத்துட்டு "எஸ்ஆர்டி வைப்பர்"னு வெச்சாங்க, உசந்த ப்ராண்டு மாதிரி இருக்கணும்னு. இருபது வருஷமா ஊரே டாட்ஜ் வைப்பர்னு கூப்பிட்ட காரு! விக்காம ஸ்டாக் தேங்கி, 2014-ல டெட்ராய்ட் ஃபேக்டரிய கொஞ்ச நாள் நிறுத்தியே வெச்சாங்க. அப்புறம் அதே வருஷம் விலையில 15,000 டாலர் குறைச்சாங்க, பேரையும் திரும்ப டாட்ஜ்னு மாத்தினாங்க. முழு விலை குடுத்து முன்னாடியே வாங்கினவனுக்கு எப்படி இருந்திருக்கும்? இந்த வகை கார் வாங்குறவங்க ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க, ஒரு தடவை சூடு பட்டா அடுத்த மாடலுக்கு எவனும் அட்வான்ஸ் கட்ட மாட்டான்.

இதுக்கு நேர் எதிரா போனது ஃபோர்டு. 2017 ஃபோர்டு ஜிடி, நாலரை லட்சம் டாலர் கிட்ட, ஆனா சும்மா காசு இருந்தா குடுத்துட மாட்டாங்க, அப்ளிகேஷன் போடணும். முதல் 500 காருக்கு 6,500-க்கு மேல அப்ளிகேஷன் வந்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு விக்கக் கூடாதுன்னு கையெழுத்து வேற. டபிள்யூடபிள்யூஈ ஜான் சீனா வாங்கின கொஞ்ச நாள்லயே வித்துட்டாருன்னு அவர் மேலயே கேஸ் போட்டாங்க, 2018-ல சமாதானம் ஆச்சு. நம்ம ஊர்ல பொண்ணு குடுக்குற மாதிரி விசாரிச்சு குடுக்குறாங்கன்னு கிண்டல் பண்ணலாம், ஆனா டீலர் முற்றத்துல ஒரு கார்கூட வெயில்ல காயல. கம்பெனியே நேரா ஆளைத் தேர்ந்தெடுத்தாங்க, கனடாவுல மல்டிமேட்டிக் கம்பெனி கிட்ட குடுத்து கட்டினாங்க, சொந்த ஃபேக்டரிய இதுக்காக திறக்கல. இன்ஜின் வி6 ஈக்கோபூஸ்ட், எஃப்-150 ட்ரக்ல இருக்குற 3.5 லிட்டர் இன்ஜினோட அண்ணன் தம்பி. வி8 இல்லையான்னு நிறைய பேர் முணுமுணுத்தாங்க, ஆனா ட்ரக் வாங்குறவனுக்கும் லெ மான் 24 மணி நேர ரேஸ் ஜெயிச்ச காருக்கும் ஒரு தொப்புள்கொடி அதுல இருந்துச்சு. 1966-ல ஜெயிச்சதுக்கு 50 வருஷம் கழிச்சு 2016-ல அதே லெ மான்ல தன்னோட க்ளாஸ்ல ஜெயிச்சுட்டுத்தான் கஸ்டமருக்கே குடுக்க ஆரம்பிச்சாங்க. ஒரே வருத்தம், மறைமலை நகர்ல இருந்து ஃபிகோ வாங்கின நமக்கு அந்த வெளிச்சம் ஒரு துளியும் வரல, 2021-ல இங்க தயாரிப்பையே நிறுத்தறோம்னுட்டாங்க. மேல எவ்ளோ பெரிய ஜிடி இருந்தாலும் கீழ நாலு வரிசை தள்ளி இருக்குறவனுக்கு அது உதவாது.

லோகோ நிஜமாவே முட்டுக்கட்டையா நிக்கிற எடமும் உண்டு, சொல்லாம விட்டா நேர்மை இல்ல. சொகுசுதான் சரக்குன்னு ஆகும்போது லோகோ கடிக்கும். ஃபோக்ஸ்வாகன் ஃபேட்டன்னு ஒரு சொகுசு செடான் விட்டாங்க 2002-ல, ட்ரெஸ்டன்ல கண்ணாடி ஃபேக்டரி கட்டி, டபிள்யூ12 இன்ஜின் எல்லாம் போட்டு. அமெரிக்காவுல 2006-லயே மூட்டை கட்டிட்டாங்க. அதே குழுமம், அதே காலகட்டம், புகாட்டிங்கற பழைய பிரெஞ்சு கார் பேரை 1998-ல வாங்கி வெச்சுக்கிட்டு வேய்ரான்னு 1001 குதிரை காரை அந்தப் பேர்ல வித்தாங்க, 450 கார். அதுல நஷ்டம்தான்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா "இது ஃபோக்ஸ்வாகன் ஆச்சே"னு யாரும் மூஞ்ச சுளிக்கல. வேகத்தை வேலை பண்ணி நிரூபிக்கலாம், கௌரவத்தை அப்படி நிரூபிக்க முடியாது, அதுக்கு பழைய பேர் வேணும்.

திரும்ப ஜிடி-ஆர் கிட்ட வர்றேன். இந்தியாவுல அதுக்குன்னு நொய்டாவுல ஒரு ஸ்பெஷல் சர்வீஸ் சென்டர்னு சொன்னாங்க, சென்னையில வாங்குறவன் நிலைமைய யோசிச்சுக்கோங்க, பக்கத்துல ஒரகடத்துலயே அப்ப இவங்க ஃபேக்டரி இருந்துச்சு! அது இங்க பண்ண தப்பு. ஆனா ஜப்பான்ல அவங்க பண்ணது வேற. 2007-ல 77 லட்சம் யென்ல ஆரம்பிச்சாங்க, மத்த நிசான் கார் போற டோச்சிகி லைன்லயே கட்டினாங்க, இன்ஜின் மட்டும் யோகோஹாமாவுல கைதேர்ந்த ஒருத்தர் ஒண்டியா உக்காந்து பூட்டுவாரு. முக்கியமா விட்டுட்டுப் போகல, 480 பிஎஸ்ல (ஹெச்பி மாதிரி ஒரு அளவுதான்) ஆரம்பிச்சது 570 வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திட்டே வந்தாங்க. கடைசில விலை தலைக்கு மேல போச்சு, டிசைன் கிழடு தட்டிருச்சு, அதுல மறுப்பு இல்ல. இருந்தும் 2025 ஆகஸ்ட்ல கடைசி கார் வெளிய வந்தப்போ கணக்கு சுமார் 48,000. ரெண்டாவது என்எஸ்எக்ஸ் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

இப்ப டொயோட்டா திரும்ப ஆரம்பிச்சிருக்கு, 2025 டிசம்பர்ல ஜிஆர் ஜிடின்னு ஒண்ணு காமிச்சிருக்காங்க, 4 லிட்டர் ட்வின் டர்போ வி8 ஹைப்ரிட், அலுமினியம் ஃப்ரேம். இந்தத் தடவை கீழ படி இருக்கு, ஜிஆர் யாரிஸ், ஜிஆர் கரோலான்னு. எல்லாரும் விலை என்ன, எத்தனை ஹெச்பின்னு கேட்டுட்டு இருக்காங்க. நான் பாக்கப் போறது விக்க ஆரம்பிச்சு மூணாவது வருஷம் அந்தக் கார்ல என்ன மாத்தியிருக்காங்கன்னுதான்.