சி.டி. அறையில் வேலையைப் பிரித்தோம்

2020 ஜூன். சென்னை ராயபுரம் பக்கம் கொரோனா கடுமையாக இருந்தது. நான் சி.டி. ஸ்கேன் டெக்னீஷியன். விபத்தில் தலையில் அடிபட்டு வருபவரைக் கொரோனா பரிசோதனை முடிவு வரும்வரை நிறுத்திவைக்க முடியாது. ஆனால் நோயாளியைத் தூக்கிய கையுறையோடே கீபோர்டையும் தொட்டுக்கொண்டிருந்தோம். கூட வேலை பார்த்த இருவர் கொரோனாவில் படுத்த பிறகுதான் உறைத்தது.

சரி, பிரித்துக்கொள்வோம் என்றேன். கவச உடை போட்டவர் நோயாளியை மட்டும் தொடுவார். மற்றவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கன்சோலை, அதாவது ஸ்கேனை இயக்கும் கம்ப்யூட்டரை மட்டும். வார்டிலேயே எடுக்கும் எக்ஸ்ரேவுக்கு, படத்தைப் பதியும் பலகையான டிடெக்டரைப் பிளாஸ்டிக் உறையில் போட்டோம். படம் எடுத்ததும் ஒருவர் உறையின் வாயை விரித்துப் பிடிப்பார்; மற்றவர் வெளிப்பக்கம் கைபடாமல் டிடெக்டரை உருவிக்கொள்வார். இதற்குத்தான் நாலைந்து நாள் பழக வேண்டியிருந்தது.

ஒவ்வொரு ஸ்கேனுக்குப் பிறகும் மேசையைத் துடைத்து, அறையில் காற்று மாற விட்டோம். காசிமேட்டு அம்மா ஒருவர், “எம்புள்ளைய எப்பப்பா உள்ள விடுவீங்க?” என்று கேட்டபடியே நின்றார். அந்தக் காத்திருப்பை மட்டும் எங்களால் குறைக்க முடியவில்லை.