இசட் ஓஎஸ் மெயின்ஃப்ரேமில் லுவாவை கம்பைல் செய்து நிறுவுவது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தே மெயின்ஃப்ரேம் சிஸ்டம் புரோகிராமர் வேலை பார்க்கிறேன். மெயின்ஃப்ரேம் என்றால் ஐபிஎம்மின் பெரிய கணினி, அதில் ஓடும் இயங்குதளம் இசட் ஓஎஸ். இங்கே படித்து முடித்து, சென்னையில் கோபோல் (வணிக நிரல் மொழி), ஜேசிஎல் (வேலைகளை ஓட்டச் சொல்லும் கட்டளை மொழி) என்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் ஊருக்கு வந்தால், "அக்கா, இசட் ஓஎஸ்ஸில் ரெக்ஸ் தவிர வேறு ஸ்கிரிப்ட் மொழி போட முடியுமா?" என்று கேட்பார்கள். தாராளமாக முடியும். நான் சொல்வது லுவா என்கிற ஸ்கிரிப்ட் மொழி.

டிஎஸ்ஓ (இசட் ஓஎஸ்ஸின் கட்டளைச் சூழல்) கட்டளை, ஐஎஸ்பிஎஃப் (அதன் மெனு, எடிட்டர்) திரை என்று வந்தால் ஐபிஎம்மின் ரெக்ஸை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. தினமும் அதில்தான் எழுதுகிறேன். ஆனால் லேப்டாப்பில் ஓடுகிற அதே ஸ்கிரிப்ட் மெயின்ஃப்ரேமிலும் ஓட வேண்டுமென்றால் லுவா வசதி. 1993இல் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த மொழி. முழுக்க சி மொழியில் எழுதியது, சி லைப்ரரியைத் தவிர வேறெதுவும் கேட்காது. அதன் எல்சிடைப் ஹெடரைத் திறந்து பாருங்கள்: பெரிய ஏ-யின் மதிப்பு 65தானா என்று கேட்கிறது. இல்லையென்றால் தன் சொந்த அட்டவணையை விட்டுவிட்டு, சி லைப்ரரியின் எழுத்துச் சோதனைகளைப் பயன்படுத்துகிறது. ஆஸ்கி (பெரிய ஏ-க்கு 65 தரும் எழுத்துக் குறியீடு) இல்லாத இயந்திரமும் உலகில் உண்டு என்று நினைத்து எழுதியவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.

உங்களுக்கு வேண்டியவை: ஓஎம்விஎஸ் செக்மென்ட் (இசட் ஓஎஸ்ஸின் யூனிக்ஸ் பகுதிக்குள் போகும் வசதி) உள்ள ஒரு யூசர் ஐடி, ஐபிஎம்மின் எக்ஸ்எல் சி கம்பைலர், ஹோம் டைரக்டரியில் 20 எம்பி இடம். அலுவலக இயந்திரம் என்றால் முதலில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

லுவா 5.4இன் சோர்ஸை லேப்டாப்பில் இறக்கி, ஜிசிப் சுருக்கத்தை அங்கேயே பிரித்து, வெறும் டார் கோப்பாக (பல கோப்புகளின் கட்டு) ஆக்குங்கள். எல்லா இசட் ஓஎஸ்ஸிலும் ஜிசிப் இருக்கும் என்று நம்ப முடியாது. அந்த டாரை பைனரியாகத்தான் மேலே அனுப்ப வேண்டும்.

அடுத்த படிதான் முக்கியம், இங்கே அவசரப்படாதீர்கள். டாரைப் பிரிக்க பாக்ஸ் கட்டளையைப் பயன்படுத்துங்கள். அதன் ஓ ஆப்ஷனில் ஃப்ரம் என்பதற்கு ஐஎஸ்ஓ 8859-1, டு என்பதற்கு ஐபிஎம்-1047 என்று கொடுத்தால், பிரிக்கும்போதே கோப்புகள் எப்சிடிக்குக்கு, அதாவது மெயின்ஃப்ரேமின் எழுத்துக் குறியீட்டுக்கு மாறிவிடும். 8859-1 ஆஸ்கி வகை, 1047 எப்சிடிக்கின் ஒரு கோட் பேஜ் (எழுத்துக்கு எண் தரும் அட்டவணை). டாக் டைரக்டரியில் உள்ள படக் கோப்பும் சேர்ந்து மாறிக் கெட்டுப்போகும், அது நமக்குத் தேவையில்லை.

இப்போது சோர்ஸ் கோப்பு ஒன்றைத் திறந்து சதுர அடைப்புக்குறி சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். 1047இல் திறக்கும் சதுர அடைப்பு 173, மூடுவது 189. இன்னொரு எப்சிடிக் கோட் பேஜான 037இல் அவையே 186, 187. உங்கள் 3270 எமுலேட்டர் (மெயின்ஃப்ரேம் திரையை லேப்டாப்பில் காட்டும் மென்பொருள்) 037இல் இருந்தால், கோப்பு சரியாக இருந்தும் திரையில் வேறு குறி தெரியும். அதைப் பார்த்துவிட்டு எடிட்டரில் 'திருத்த' ஆரம்பித்தால் நல்ல கோப்பைக் கெடுத்ததாக ஆகும். எமுலேட்டரை 1047க்கு மாற்றுங்கள், இல்லையென்றால் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போங்கள். பின்னால் லுவா "அன்எக்ஸ்பெக்டட் சிம்பல்" என்று கத்தினாலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

சரி, கம்பைல். மேக் கட்டளை தேவையே இல்லை. லுவாவின் மேக்ஃபைல் (கம்பைல் செய்முறைக் கோப்பு) ஜிசிசி என்கிற வேறொரு சி கம்பைலரை எதிர்பார்க்கும், அதைச் சரிக்கட்டுகிற நேரத்தில் வேலையே முடிந்துவிடும். எஸ்ஆர்சி டைரக்டரிக்குள் போய், லுவாக் (லுவா ஸ்கிரிப்டை முன்கூட்டியே கம்பைல் செய்யும் தனி நிரல்) சி கோப்பை மட்டும் வெளியே நகர்த்துங்கள். அதிலும் ஒரு மெயின் ஃபங்ஷன் இருப்பதால் லிங்க் செய்யும்போது மோதும். மிச்சமுள்ள எல்லா சி கோப்புகளையும் ஒரே எக்ஸ்எல்சி கட்டளையில் கொடுத்து, வெளியீட்டுப் பெயராக லுவா என்று போடுங்கள். க்யூ ஆப்ஷன்கள் மூன்று: 64, லாங்லெவல் எக்ஸ்ட்சி99, ஃப்ளோட் ஐஇஇஇ. கடைசி ஆப்ஷனை விடவே கூடாது. ஐபிஎம்மின் பழைய பதினாறடிமான மிதவை எண்ணில் முடிவிலியும் கிடையாது, 'நேன்' என்கிற 'எண் அல்லாதது'ம் கிடையாது. லுவா இரண்டையும் எதிர்பார்க்கிறது.

எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. 2011 டிசம்பர் 30 தானே புயலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். இணைப்பு அறுந்தால் ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையும் சேர்ந்து போகும். அதனால் நோஹப் கட்டளையோடு (இணைப்பு போனாலும் வேலையை ஓடவைப்பது) பின்னணியில் ஓடவிட்டு, செய்திகளை ஒரு கோப்புக்கு அனுப்புங்கள். மெமரி போதாமல் கம்பைலர் விழுந்தால், ஆர்ஏசிஎஃப்பில் (இசட் ஓஎஸ்ஸின் பாதுகாப்பு மென்பொருள்) உங்கள் ஓஎம்விஎஸ் செக்மென்ட்டின் அசைஸ்மேக்ஸ் (மெமரி உச்சவரம்பு) மதிப்பைக் கூட்டித் தரச் சொல்லி செக்யூரிட்டி அட்மினிடம் கேளுங்கள்.

முடிந்ததும் லுவாவைத் திறந்து, ஸ்ட்ரிங் பைட் மூலம் பெரிய ஏ-யின் மதிப்பைக் கேளுங்கள். 193 வர வேண்டும். புதுவரிக்கு 21. பிறகு ஒன்றைப் பூஜ்யத்தால் வகுத்து, மேத் ஹியூஜோடு (லுவாவில் முடிவிலி) சமமா என்று பாருங்கள். ட்ரூ வந்தால் மிதவை எண் சரி.

லேப்டாப்பில் எழுதிய ஸ்கிரிப்டுகளில் ஒன்றைத் தேடித் திருத்துங்கள்: ஏ முதல் இசட் வரை என்று அடைப்புக்குள் கொடுக்கிற பேட்டர்ன். எப்சிடிக்கில் எழுத்துகள் தொடர்ச்சியாக இல்லை. ஐ 201, ஜே 209. நடுவில் உள்ள வேறு குறிகளும் மாட்டிக்கொள்ளும். அதற்குப் பதில் சதவீதக் குறியும் யூவும் போட்டால் பெரிய எழுத்துகள் மட்டும் கிடைக்கும். வரிசைப்படுத்தலும் மாறும்: சின்ன எழுத்து முதலில், பெரிய எழுத்து அடுத்து, எண்கள் கடைசி. லேப்டாப்பில் லுவாக்கால் கம்பைல் செய்த கோப்பை இங்கே கொண்டுவராதீர்கள், ஏற்காது. சோர்ஸாகவே அனுப்புங்கள்.

தமிழ்ப் பெயர்கள் உள்ள ஸ்கிரிப்ட் என்ன ஆகும் என்று ஒரு தம்பி கேட்டான். யூடிஎஃப்-8 தமிழ் 1047இல் திரையில் படிக்க முடியாது. ஆனால் 8859-1க்கும் 1047க்கும் பைட்டுக்குப் பைட் மாற்றம் இருப்பதால், நடுவில் யாரும் தொடாமல் அதே வழியில் திரும்ப மாற்றினால் முழுசாக வந்துவிடும்.

உங்களுக்கு மட்டும் என்றால் ஹோமில் பின் டைரக்டரி, ப்ரொஃபைலில் பாத், போதும். எல்லோருக்கும் என்றால் தனி இசட்எஃப்எஸ் (யூனிக்ஸ் பகுதியின் கோப்பு முறைமை) ஒதுக்கி யூசர் லோக்கலில் மவுண்ட் செய்யுங்கள். ரூட்டுக்குள் போட்டால் அடுத்த அப்கிரேடில் காணாமல் போகும்.

பேட்சில், அதாவது ஜேசிஎல் வழியாக ஓட்ட, பிபிஎக்ஸ்பேட்ச் என்கிற நிரல் இருக்கிறது. பார்ம்-இல் எஸ்எச் போட்டு லுவாவின் முழுப் பாதையும் ஸ்கிரிப்ட் பெயரும் கொடுங்கள். அப்புறம், ஐஓ ஓப்பனுக்கு இரண்டு சாய்கோடு போட்டு ஒற்றை மேற்கோளுக்குள் டேட்டாசெட் (மெயின்ஃப்ரேமின் வழக்கமான கோப்பு) பெயரைக் கொடுத்துப் பாருங்கள். லுவா அதை அப்படியே சி லைப்ரரியிடம் கொடுக்கும், சி லைப்ரரி டேட்டாசெட்டைத் திறந்துவிடும். எக்ஸ்எல்சியில் ஆஸ்கி ஆப்ஷனும் உண்டு, ஆனாலும் நான் எப்சிடிக்கிலேயே வைத்திருப்பது இதற்காகத்தான்: கோபோல் எழுதிய கோப்பின் எழுத்துப் புலங்களை எந்த மாற்றமும் செய்யாமல் நேரே படிக்கலாம்.