பழைய கணினி, பழைய புத்தகம்: எங்கே சறுக்குகிறார்கள்

கொமடோர் 64, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், ஆப்பிள் 2 மாதிரியான கணினிகளுக்குப் பொழுதுபோக்காகப் புரோகிராம் எழுத வருகிற எல்லோரும் கடைசியில் அந்தக் காலத்து ரெஃபரன்ஸ் புத்தகத்தில்தான் வந்து நிற்கிறார்கள். மெமரி மேப், ரெஜிஸ்டர் (சிப்பை இயக்கும் எண்களை வைக்கும் இடம்) அட்டவணை, ரோம் அழைப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. புதியவர்கள் தடுக்கி விழும் இடங்களைப் பார்த்தால் நம் பழைய குழிகளாகவே இருக்கின்றன. பூஜ்யத்தையும் ஓ எழுத்தையும் மாற்றி அடிப்பது, கமாவை விடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைப் பத்து நிமிஷத்தில் நீங்களே பிடித்துவிடுவீர்கள்.

எந்தக் கணினிக்கு எழுதிய புத்தகம்?

இன்றைக்கும் கோபம் வரவழைக்கிற தவறு இதுதான். புத்தகத்தில் எண் அச்சாகியிருக்கிறது, அப்படியே அடித்தாயிற்று, ஆனால் பாட்டு சுருதி இறங்கி ஒலிக்கிறது. உடனே "சிட் சிப் போய்விட்டதா?" என்ற கேள்வி. அந்த ஒலிச் சிப்புக்கு ஒன்றுமே ஆகியிருக்காது.

கொமடோர் 64 அமெரிக்காவில் என்.டி.எஸ்.சி. வகையாகவும் ஐரோப்பாவில் பெரும்பாலும் பேல் வகையாகவும் விற்றது. டிவி முறை மட்டும்தானே வேறு என்று நினைத்துவிடுகிறார்கள். பிராசசருக்கும் சிட் சிப்புக்கும் போகிற கடிகாரத் துடிப்பு, டிவி படத்துக்கான கடிகாரத்திலிருந்தே பிரிந்து வருகிறது. என்.டி.எஸ்.சி.யில் அது நொடிக்கு 10,22,727. பேலில் 9,85,248. சிட் ரெஜிஸ்டரில் போடும் எண்ணை இந்தத் துடிப்பால் பெருக்கி 1,67,77,216-ஆல் வகுத்தால் ஒலியின் அதிர்வெண் கிடைக்கும்.

நடு சி ஸ்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 261.6 ஹெர்ட்ஸ். கொமடோர் 1982-ல் வெளியிட்ட புரோகிராமர்ஸ் ரெஃபரன்ஸ் கைடு அதற்குத் தரும் எண் 4291, அதாவது மேல் பைட் 16, கீழ் பைட் 195. கணினியோடு வந்த யூசர்ஸ் கைடின் ஒலி உதாரணத்தில் 17, 37 என்று இருக்கும், அது 4389. பேல் கணினிக்குச் சரியான எண்ணோ 4455, அதாவது 17, 103. முதல் எண் என்.டி.எஸ்.சி. கணக்கு. இரண்டாவது, துடிப்பைப் பத்து லட்சம் என்று முழு எண்ணாக வைத்தால் வருவது. 4291-ஐ பேல் கணினியில் போட்டால் 252 ஹெர்ட்ஸ்தான் வரும், அரை ஸ்வரத்தில் (செமிடோன்) பாதிக்கும் மேல் இறக்கம். அட்டவணையை மனப்பாடம் செய்வதைவிட மேலே சொன்ன கணக்கை நாலு வரி பேசிக்கில் எழுதி, உங்கள் கணினிக்கான அட்டவணையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

படம் வரையும் பக்கம் வந்தால் வித்தியாசம் இன்னும் பெரியது. பேலில் ஒரு ஃபிரேமுக்கு 312 வரி, வரிக்கு 63 சுழற்சி (பிராசசர் துடிப்பு). வழக்கமான என்.டி.எஸ்.சி. விக்-2 படச் சிப்பில் 263 வரி, வரிக்கு 65. எழுத்துப் பரப்பு இரண்டிலும் 51-ஆம் வரியில் தொடங்கி 250-ல் முடிகிறது. மிச்சமுள்ள வரிகளில்தான் ஸ்பிரைட்டை (திரையில் தனியாக நகரும் உருவம்) நகர்த்துவது, திரையைத் தள்ளுவது எல்லாம் நடக்க வேண்டும். பேலில் அதற்கு 112 வரி, 7056 சுழற்சி. என்.டி.எஸ்.சி.யில் 63 வரி, 4095 சுழற்சி. பேல் புத்தகத்து உதாரணம் அங்கே போனதும் படம் கிழிவது இதனால்தான். எதிர்த்திசையில் போனால், ஃபிரேமுக்கு ஒரு முறை அழைக்கப்படும் இசை நொடிக்கு 60-லிருந்து 50 ஆகி இழுத்துக்கொண்டே பாடும்.

இதே வகையில் இன்னொன்று, இதைவிட நயவஞ்சகமானது. 53265 ரெஜிஸ்டரில் ஒரு பிட்டை மட்டும் மாற்ற, பீக் செய்து (படித்து) 'ஆர் 32' சேர்த்துத் திரும்பப் போக் செய்யச் (எழுதச்) சொல்லும் புத்தகங்கள் உண்டு. அந்த ரெஜிஸ்டரின் 7-வது பிட்டுக்கு (0-விலிருந்து எண்ணினால்) இரண்டு வேலை. படிக்கும்போது, இப்போது வரையப்படும் வரி 256-ஓ அதற்கு மேலோ என்று சொல்லும். எழுதும்போது, ராஸ்டர் இன்டரப்ட் (கதிர் குறித்த வரிக்கு வந்ததும் புரோகிராமை இடைமறிக்கும் வசதி) எந்த வரியில் வர வேண்டும் என்ற எண்ணின் ஒன்பதாவது பிட் ஆகிவிடும். நீங்கள் 100-ஆம் வரிக்கு இன்டரப்ட் வைத்திருக்கிறீர்கள். படித்த நேரத்தில் கதிர் 270-ல் இருந்தது. திரும்ப எழுதியதும் இலக்கு 356 ஆகிவிடும். அப்படி ஒரு வரியே கிடையாது. இன்டரப்ட் அதோடு நின்றுபோகும்.

பேலில் 256 முதல் 56 வரிகள் இருப்பதால் ஐந்தாறு தடவைக்கு ஒரு தடவை மாட்டும். என்.டி.எஸ்.சி.யில் அப்படி 7 வரிதான், கிட்டத்தட்ட 38-ல் ஒன்று. ஆசிரியர் சோதித்தபோது ஓடியது உங்களிடம் ஓடாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பீக் செய்ததை முதலில் 'ஆண்ட் 127' செய்துவிட்டு அப்புறம் 'ஆர்' போடுங்கள். 256-ஆம் வரியிலோ அதற்கு அடுத்த வரிகளிலோ இன்டரப்ட் வேண்டுமென்றால் மட்டும் அந்தப் பிட்டைத் தெரிந்தே வையுங்கள்.

புத்தகத்தைத் திறக்கும் முன் கணினியிடமே இரண்டு கேள்வி கேளுங்கள். பீக்(678): 0 என்றால் என்.டி.எஸ்.சி., 1 என்றால் பேல். இதைக் கெர்னல் (ரோமில் இருக்கும் அடிப்படை மென்பொருள்) எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது அழகு: 311-ஆம் வரிக்கு ராஸ்டரை வைத்துவிட்டு, அது வருகிறதா என்று பார்க்கிறது. என்.டி.எஸ்.சி.யில் வரவே வராது. அடுத்தது பீக்(65408), கெர்னல் பதிப்பு எண். 170 என்றால் முதல் பதிப்பு, 0 இரண்டாவது, 3 மூன்றாவது. இரண்டாவது பதிப்பில் திரையைத் துடைத்தால் நிற மெமரி முழுக்கப் பின்னணி நிறம் ஏறிவிடும். அதில் போக் 1024,1 மட்டும் கொடுத்தால் எழுத்து இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதே இடத்துக்கான நிற மெமரியான 55296-லும் ஒரு நிறத்தைப் போக் செய்தால் எல்லாப் பதிப்பிலும் தெரியும். எமுலேட்டர் (பழைய கணினியைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் அமைப்பில் மாதிரியை மாற்றி இரண்டு வகையிலும் ஓட்டிப் பார்க்கலாம். செலவே இல்லாத இந்தச் சோதனையைத்தான் யாரும் செய்வதில்லை.

ஸ்பெக்ட்ரத்தில் 256 அல்ல, 257

ஸ்பெக்ட்ரத்தின் பிராசசரான இசட்80-ன் இன்டரப்ட் முறை 2-ல், ஐ ரெஜிஸ்டர் மேல் பைட்டாகவும் டேட்டா பஸ்ஸில் கிடக்கும் மதிப்பு கீழ் பைட்டாகவும் சேர்ந்து ஓர் இடத்தைக் காட்டும். அங்கிருந்து இரண்டு பைட் படிக்கப்படும். பஸ்ஸில் பெரும்பாலும் 255-தான் இருக்கும். ஆக இரண்டாவது பைட் அடுத்த பக்கத்தின் (256 பைட் கொண்ட மெமரித் தொகுதி) முதல் பைட்டிலிருந்து வரும். அட்டவணையை 256 பைட்டோடு நிறுத்தினால், அந்த ஒரு பைட்டில் என்ன குப்பை இருக்கிறதோ அங்கே புரோகிராம் குதிக்கும்.

கச்சிதமான ஏற்பாடு: ஐ-யில் 254. 65024 முதல் 65280 வரை 257 பைட்டையும் 253-ஆல் நிரப்புங்கள். எல்லா வழியும் 65021-க்குப் போகும். அட்டவணைக்கு முன்னால் அங்கே மிச்சம் இருப்பது சரியாக மூன்று பைட், ஒரு ஜம்ப் கட்டளைக்கு அதுவே போதும். அட்டவணையை 16384–32767 பகுதிக்குள் வைத்துவிடாதீர்கள், திரையில் புள்ளி மழை கொட்டும். 48கே ஸ்பெக்ட்ரம் புத்தகத்தின் நேரக் கணக்கை 128 மாதிரிக்கு எடுத்துப்போகவும் வேண்டாம். ஃபிரேமுக்கு முன்னது 69,888 துடிப்பு, பின்னது 70,908.

கனெக்டர் பின்களின் படம் எந்தப் பக்கத்திலிருந்து?

கொமடோர் 64-ன் யூசர் போர்ட்டில் (வெளிச் சர்க்யூட்டைச் செருகும் இடம்) மேல் வரிசை 2-வது பின் 5 வோல்ட், 10-ம் 11-ம் 9 வோல்ட் ஏ.சி. கணினியின் பின்புறத்திலிருந்து பார்த்து வரைந்த படத்தை, கனெக்டரின் சால்டர் பக்கத்துக்கு அப்படியே போட்டால் இடம் வலமாகிவிடும். உங்கள் சர்க்யூட்டின் 5 வோல்ட் கம்பி அப்போது 11-ல், அதாவது ஏ.சி.யில் உட்காரும். மல்டிமீட்டரால் 1-லும் 12-லும் கிரவுண்ட் என்பதையும், 2-ல் 5 வோல்ட் டி.சி. என்பதையும் உறுதி செய்யாமல் எதையும் செருகாதீர்கள்.

மைனஸ் முகவரி

புத்தகத்தில் முகவரி மைனஸில் இருந்தால் அது அச்சுப் பிழை அல்ல. ஆப்பிள் 2-ன் இன்டீஜர் பேசிக்கில் 32767-க்கு மேல் எண் கிடையாது. அதனால் 65385 என்ற முகவரி −151 என்று எழுதப்படுகிறது, 65536-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் பிரதியில் தேடுவது

ஹெக்ஸ் பட்டியலில் 8-ஐ பி என்றும் 0-வை டி என்றும் ஓ.சி.ஆர். (படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் மென்பொருள்) படித்திருக்கும். பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், உள்ளே ஒளிந்திருக்கும் எழுத்தை நகலெடுக்காதீர்கள்.

6502-ல் மறைமுக ஜம்ப்

ஆப்பிள் 2, கொமடோர் 64 பிராசசர்களின் குடும்பமான இதில், ஜம்ப் இலக்கை வைத்திருக்கும் இடத்தின் முகவரியில் கீழ் பைட் 255 ஆக இருக்கவே கூடாது. இலக்கின் மேல் பைட்டை அதே பக்கத்தின் தொடக்கத்திலிருந்து எடுத்துவிடும்.

ரன் கொடுக்கும் முன்

சேவ்.